பதினைந்தா, இருபத்தைந்தா

ஜூலை 15, திங்கள்

தோல் எப்படி இருக்கிறது என்று தினமும் எழுதி வைக்க வேண்டுமாம். சிவக்கிறதா, அரிக்கிறதா, கொப்புளம் வருகிறதா என்று பார்க்கச் சொல்லி நர்ஸ் உத்தரவு போட்டிருக்கிறாள். நகைக்கடையில் கொடுத்த டைரி ஒன்று சும்மா கிடந்தது, அதில் எழுதுகிறேன். தோல் நன்றாகத்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் எரிகிறது.

இன்றுதான் முதல் நாள். சீட்டில் கதிர்வீச்சு என்று போட்டிருக்கிறது. எங்கள் தச்சநல்லூரில் கரண்ட் வைக்கிறது என்பார்கள். இடது மார்பில் இருந்த கட்டியை மட்டும் வெட்டி எடுத்து இரண்டு மாதம் ஆகிறது. மார்பை எடுக்கவில்லை. உள்ளே துளி ஒட்டிக்கொண்டிருந்தாலும் அதைக் கருக்கிவிட இந்தக் கரண்ட். ஐஸ் பெட்டி மாதிரி குளிர்கிற அறையில் மேல்துணி இல்லாமல் கையைத் தலைக்கு மேலே தூக்கிப் படுக்க வேண்டும். எல்லாரும் வெளியே ஓடிவிடுவார்கள். மூச்சை இழுத்துப் பிடிங்க என்று ஸ்பீக்கரில் குரல் வரும். வலியே இல்லை. வலித்தாலாவது யாரையாவது திட்டலாம்.

என் கோபம் அதில்லை. போன வாரம் கரண்ட் வைக்கிற டாக்டர் பர்வீன் எல்லாப் படமும் பார்த்துவிட்டு முடிவு சொல்கிற நாள். நர்ஸ் கதவைத் திறந்து, "உலகம்மாள் கூட வந்தவங்க யாரு?" என்றாள். நான் எழுந்தேன். நீங்க உக்காருங்கம்மா, கூட வந்தவங்க வரட்டும் என்றாள். என் மகன் இசக்கிராஜ் உள்ளே போனான். கதவு சாத்தியது. என் மடியில் என் ஃபைல், உள்ளே என் உயிரைப் பற்றிப் பேச்சு, நான் மட்டும் வெளியே.

வெளியே வந்தவன், எல்லாம் நல்லா இருக்கும்மா, இருபத்தஞ்சு நாள் வைக்கணும், அவ்வளவுதான் என்றான். வேறென்ன சொன்னார்கள் என்றால் ஒண்ணுமில்ல என்கிறான். ஒண்ணுமில்லாததைச் சொல்ல ஒரு டாக்டருக்கு இவ்வளவு நேரமா ஆகும்?

ஜூலை 16, செவ்வாய்

தோல் நன்றாக இருக்கிறது. இசக்கிராஜ் போட்ட டீயை வாயில் வைக்க முடியவில்லை.

ஜூலை 18, வியாழன்

காத்திருக்கும் இடத்தில் தினமும் பக்கத்தில் உட்காருபவர் ஜெபராணி டீச்சர். பாளையங்கோட்டையில் ஏதோ பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராம். எனக்கு அறுத்த அதே டாக்டர்தான் அவருக்கும் அறுத்திருக்கிறார். அதே இடது பக்கம். அதே மாதிரி கட்டியை மட்டும் எடுத்தது. வயதுகூட எனக்கு ஒன்றிரண்டு முன்பின். என்னைப் போல அவரும் மாத்திரை மட்டும்தான் சாப்பிடுகிறார், முடி கொட்டுகிற மருந்து ஏற்றவில்லை. கல்யாணச் சமையல் காண்டிராக்ட் எடுக்கிறேன் என்றதும் ஒரு கல்யாணத்தில் சாப்பிட்ட தேங்காய்ப்பால் சொதியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். விசாரித்தால் அது நான் வைத்த சொதி. ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தேன்.

பிறகுதான் கேட்டேன், உங்களுக்கு எத்தனை நாள் டீச்சர் என்று. "எனக்கு பதினஞ்சுதான். மூணு வாரம். உங்களுக்கு?" என்றார்.

இருபத்தைந்து என்றேன். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. "அப்படியா" என்று சொல்லி என் கையைத் தட்டிக் கொடுத்தார். சாவு வீட்டில் தட்டிக் கொடுப்பார்களே, அது மாதிரி.

வீட்டுக்கு வந்ததும் இசக்கிராஜிடம் கேட்டேன். ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும்மா என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்துகொண்டான். சென்னைக் கம்பெனியில் வேலை. எனக்காக வீட்டிலிருந்து பார்க்கிறான். நல்ல பிள்ளைதான். பொய் சொல்லும்போது மட்டும் என் கண்ணைப் பார்க்க மாட்டான், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

ஜூலை 19, வெள்ளி

எதிர் வீட்டுப் பிச்சம்மாள் அக்காவுக்கு வயிற்றில் வந்தபோது கொழுப்புக் கட்டி என்றார்கள். புருஷனுக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியும், தெருவில் பால் ஊற்றுகிறவனுக்குத் தெரியும். அக்காவுக்கு மட்டும் தெரியாது. கொழுப்பு கரையட்டும் என்று கடைசி வரை கொள்ளு வேகவைத்துக் குடித்தாள். போய்ப் பார்த்த நாங்களும் கொள்ளு நல்லது என்றுதான் சொன்னோம். எங்கள் ஊரில் நோயாளிக்கு நல்லது செய்வது என்றால் இதுதான்.

தோல் லேசாகச் சூடு மாதிரி இருக்கிறது.

ஜூலை 23, செவ்வாய்

பெரிய அண்டா இரண்டையும், பித்தளை உருளியையும், கொட்டகை அடுப்பு மூன்றையும் சொர்ணம் வீட்டுக்கு ஏற்றிவிட்டேன். சொர்ணம் என்னோடு பதினாறு வருஷமாக வேலை பார்க்கிறவள். சாமான் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது, அதனால்தான் கொடுத்தேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ஆவணி ஏழாம் தேதி பேட்டையில் ஒரு கல்யாணம் பேசியிருந்தேன். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, எங்களுக்கு அது வேலை இல்லாத மாதம். அந்த மாதத்துக்குள் கரண்ட் முடிந்துவிட்டால் ஆவணியில் அடுப்பு மூட்டலாம் என்று நினைத்திருந்தேன். அந்தக் கல்யாணத்தையும் நீயே செய் என்று சொர்ணத்திடம் சொல்லிவிட்டேன். அவள் உருளியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். எதுக்குக்கா இப்பவே என்றாள். நான் எரிந்து விழுந்தேன். வேண்டாம் என்றால் வேறு ஆள் பார்க்கிறேன் என்றேன். பாவம், அழுதுகொண்டே வண்டியில் ஏறினாள்.

ஜூலை 26, வெள்ளி

ஆடி வெள்ளி. அம்மன் கோவிலில் கூழ் ஊற்றுகிறார்கள். ஒவ்வொரு வருஷமும் நான்தான் கிண்டுவேன். இந்த வருஷம் தீப்பக்கம் போகக் கூடாது என்று இசக்கிராஜ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டான். காவல்காரன் கெட்டான்.

பக்கத்துத் தெருப் பெண்கள் தூக்குச்சட்டியில் கூழ் கொண்டுவந்து கொடுத்தார்கள். அடி பிடித்த வாடை. எனக்குக் கொடுக்கும்போது ஒவ்வொருத்தியும் ஒரு நிமிஷம் கூடுதலாக என் முகத்தைப் பார்க்கிறாள். பார்த்துக்கொள்ளுங்கள். நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் வைக்க மார்பில் போட்ட மைக்கோடு அழியக் கூடாது என்று சோப்புப் போடாமல் குளிக்கிறேன். பவுடர் கூடாது, உள்ளாடை கூடாது, பழைய பருத்தி ஜாக்கெட் மட்டும். அக்குள் பக்கம் சிவந்திருக்கிறது. அரிக்கிறது. சொறியவில்லை.

ஜூலை 30, செவ்வாய்

இசக்கிராஜுக்குப் பெண் பார்க்க வேண்டும் என்று தரகரிடம் சொன்னேன். ஆவணியிலேயே முடித்துவிட வேண்டும் என்றேன். என்னம்மா அவசரம் என்று இவன் சிரிக்கிறான். என்ன அவசரம் என்று உனக்குத் தெரியாதாக்கும். எனக்கு வாய்வரைக்கும் வந்தது. சோற்றில் தயிரை ஊற்றிப் பிசைந்தவள் அப்படியே எழுந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஜெபராணி டீச்சருக்கு இன்று முடிந்தது. வீட்டில் செய்த ரிச் கேக் கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தார். எனக்கு இரண்டு துண்டு. உங்களுக்காகத் தினமும் ஜெபம் பண்ணுவேன் என்றார். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் அந்தக் கேக்கை நான் சாப்பிடவில்லை. வாசலில் நின்ற நாய்க்குப் போட்டேன். நாய் நன்றாகச் சாப்பிட்டது.

மார்புக்குக் கீழே மடிப்பில் தோல் கறுத்து எரிகிறது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

வந்ததும் வராததுமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக வருகிறது. பரவாயில்லை.

இசக்கிராஜ் ஆபீஸ் வேலையாக நேற்று சென்னை போனான், நாளைதான் வருவான். ஆட்டோவில் தனியாகப் போனேன். கரண்ட் வைத்து முடிந்ததும் டாக்டரைப் பார்க்கிற முறை. நர்ஸ் வந்து, கூட யாரும் வரலையா என்றாள். இல்லை என்றேன். "அப்ப அடுத்த வாரம் மகன் வந்ததும் பாத்துக்கலாம்மா, நீங்க கெளம்புங்க" என்றாள்.

எனக்குள் என்னவோ அறுந்தது. நேராகப் போய்க் கதவைத் தள்ளினேன். டாக்டர் பர்வீன் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன வயசுதான், என் மகனைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். நர்ஸ் பின்னாலேயே வந்து கையைப் பிடித்தாள். உதறிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"எதுவரைக்கும் பரவியிருக்கு? அத மட்டும் சொல்லுங்க, நான் போயிருதேன்" என்றேன்.

டாக்டருக்குப் புரியவில்லை. எது பரவியிருக்கு என்று கேட்டார். என் நோய்தான், எலும்புக்குப் போயிருக்கா, ஈரலுக்குப் போயிருக்கா, எத்தனை மாசம் இருக்கு என்றேன். அவர் என் ஃபைலை எடுத்து முதலிலிருந்து புரட்டினார். எங்கேயும் பரவவில்லை என்றார். அக்குளில் எடுத்துப் பார்த்த நெறிகட்டிகள் எல்லாம் சுத்தம், ஆரம்ப நிலையிலேயே எடுத்தாயிற்று, உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டார்.

யாரும் சொல்லவில்லை, அதுதானே விஷயம் என்றேன். டீச்சருக்குப் பதினைந்து, எனக்கு இருபத்தைந்து, அதுக்கு என்ன அர்த்தம் என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு விளக்கினார். முன்பெல்லாம் எல்லாருக்கும் ஐந்து வாரம்தானாம், நாளொன்றுக்குக் கொஞ்சமாக. பிறகு ஒரு நாள் அளவைக் கொஞ்சம் கூட்டி மூன்று வாரத்தில் முடித்துப் பார்த்தார்களாம். ஆயிரக்கணக்கான பெண்களைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்ததில் நோய் திரும்பி வருவதில் வித்தியாசம் தெரியவில்லை, தோல் புண்ணாவதும் மூன்று வாரத்தில் குறைவுதான் என்றார். அக்குளில் நோய் போயிருந்தால், மார்பை முழுவதும் எடுத்துவிட்டு வேறு சதை வைத்துக் கட்டியிருந்தால், சிலர் இன்னமும் ஐந்து வாரத்தைத்தான் பிடிப்பார்களாம். எனக்கு அதெல்லாம் எதுவும் இல்லை. சின்னத் தீ, பெரிய தீ மாதிரி என்று வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். முழுக்க அப்படி இல்லை, மூன்று வாரத்தில் மொத்த அளவே குறைவு என்றார். விறகே குறைவாம்.

அப்படியென்றால் எனக்கு ஏன் ஐந்து வாரம்?

டாக்டர் கொஞ்சம் தயங்கினார். "நான் மூணு வாரம்தாம்மா சொன்னேன். உங்க மகன்தான் ஒரு நாள் அளவு கூடுதலா இருக்கே, இடது பக்கம், இதயத்துக்கு ஆகுமான்னு பயந்தார். இதயம் ஒதுங்கி நிக்கத்தான் மூச்சைப் பிடிக்கச் சொல்றோம்னு சொன்னேன். பழைய முறையே இருக்கட்டும்னு திரும்பத் திரும்பக் கேட்டார். அதுவும் தப்பான முறை இல்ல. சரின்னுட்டேன்."

"என்னை ஏன் கேக்கல?"

"அம்மா ரொம்பப் பயந்துருக்காங்க, அவங்ககிட்ட எதுவும் பேச வேண்டாம்னு சொன்னார்."

"கரண்ட் வைக்கிற நெஞ்சு அவனுக்கா இருக்கு, எனக்கா இருக்கு டாக்டர்?"

நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் ஃபைலை மூடி வைத்தார். நான் உங்களைத்தான் கேட்டிருக்கணும் என்றார். நல்ல வார்த்தைதான். ஆனால் அதை வைத்து என்ன செய்ய? மிச்சத்தை நிறுத்தி மூன்று வாரக் கணக்குக்கு மாற்றுங்கள் என்றேன். பாதி வழியில் மாற்றுவது நல்லதில்லை, தொடங்கின கணக்கிலேயே முடிப்பதுதான் உங்களுக்குப் பத்திரம் என்றார்.

ஆட்டோவில் வரும்போது அழுதேன். சாகப் போவதில்லை என்று தெரிந்ததற்கு அழுதேனா, ஆத்திரத்தில் அழுதேனா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆட்டோக்காரர் ஒன்றும் கேட்காமல் பாட்டை மட்டும் நிறுத்தினார். அந்த மனுஷன் நன்றாக இருக்கட்டும்.

ஆகஸ்ட் 7, புதன்

காலை ரயிலில் இசக்கிராஜ் வந்தான். பல் துலக்கக்கூட விடாமல் கேட்டுவிட்டேன்.

முதலில் டாக்டர் மேல் பழி போட்டான். பிறகு நெட்டில் படித்ததையெல்லாம் எடுத்துவிட்டான். கூட நாள் வைத்தால் மெதுவாகப் போகும், உடம்பு தாங்கும் என்று நினைத்தானாம். அதோடு, மூன்று வாரத்தில் முடிந்தால் ஆவணி பிறந்ததும் நான் அடுப்படியில் போய் நிற்பேனாம், ஐந்து வாரம் என்றால் கொஞ்ச நாளாவது ஓய்ந்து கிடப்பேனாம். ஆக என்னைக் கட்டிப்போடத்தான் கரண்டைக் கூட்டியிருக்கிறான். இதையும் நல்லது என்றே நினைத்துச் செய்திருக்கிறான். அதுதான் இன்னும் ஆத்திரமாக வருகிறது. கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் வீட்டைவிட்டுத் துரத்தியிருப்பேன்.

"நீ பயப்படுவேன்னுதாம்மா சொல்லல" என்றான்.

"ஆடி பூரா நான் என்னல செஞ்சுகிட்டு இருந்தேன்? பயந்துகிட்டுத்தான் இருந்தேன். ஒங்கிட்ட ஒரு வார்த்த கேக்கவும் பயந்துகிட்டு, தனியா கெடந்து செத்துக்கிட்டு இருந்தேன். அண்டாவத் தூக்கிக் குடுத்தேனே, நீ பாத்துக்கிட்டுத்தானே நின்ன? எதுக்கு அம்மா குடுக்கான்னு ஒனக்குத் தோணலையா?"

இடத்தை அடைக்கிறது என்று நீதானே சொன்னாய் என்றான். படித்த பிள்ளை. நான் சொன்னதை அப்படியே நம்பியிருக்கிறான். தரகரிடம் அவசரப்பட்டது எதற்கு என்று சொன்னேன். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் தரையில் உட்கார்ந்து அழுதான். நான் தட்டிக் கொடுக்கவில்லை. இட்லி மட்டும் வைத்தேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

தோல் மோசம். மடிப்பில் ஓரிடத்தில் உரிந்துவிட்டது. நர்ஸ் மருந்து தடவினாள். இப்போதெல்லாம் என்னிடம் மரியாதையாகப் பேசுகிறாள், கொஞ்சம் பயமும் இருக்கிறது. இருக்கட்டும்.

சொர்ணத்துக்குப் போன் போட்டேன். எனக்கு ஒன்றும் இல்லையாம், பேட்டைக் கல்யாணத்துக்கு நானும் வருகிறேன், தீப்பக்கம் நிற்க மாட்டேன், நாற்காலி போட்டு ருசி மட்டும் பார்க்கிறேன் என்றேன். "யக்கா, அந்த உருளிய நான் இன்னும் அடுப்புல ஏத்தவே இல்ல. எனக்கு மனசு வரல" என்றாள். அவளையாவது ஒரு நாள் திட்டாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் கல்யாணத்துக்குத் தேங்காய் யாரிடம் சொல்லியிருக்கிறாய் என்று கேட்டு, அவள் சொன்ன பதிலுக்குத் திட்டிவிட்டேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

எரிச்சல். இசக்கிராஜ் இப்போது போடுகிற டீ பரவாயில்லை, சொல்லவில்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

நேற்று சுதந்திர தினத்துக்கு லீவு. திங்கட்கிழமையோடு கணக்கு முடிகிறது. இன்று டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார், நோயாளியையும் கூட வந்தவரையும் சேர்த்து. எனக்கு மேசைக்கு நேர் எதிரே நாற்காலி. இசக்கிராஜுக்கு ஓரத்தில்.

இன்னும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது என்றார் டாக்டர். மார்பு முழுவதற்கும் வைப்பது முடிகிறது. கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கூடுதலாக ஐந்து நாள் வைக்கலாம், வைக்காமலும் விடலாம். வயது குறைந்த பெண்களுக்கு இதில் பலன் அதிகம், அவர்களுக்குக் கட்டாயம் சொல்லுவோம். வயதானவர்களுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. நீங்கள் நடுவில் இருக்கிறீர்கள் என்றார்.

இசக்கிராஜ் வாயைத் திறந்தான். நான் அவனைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

"ஆயுசு கூடுமா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. ஆயுசுல வித்தியாசம் இல்ல. அதே இடத்துல திரும்ப வர்றது கொஞ்சம் குறையும்."

தோல் என்னாகும் என்றேன். அந்த இடம் கெட்டியாகலாம், கொஞ்சம் சுருங்கவும் செய்யலாம் என்றார். அடுப்புப் பக்கம் போவது இன்னும் தள்ளிப்போகும். வேண்டாம் என்று சொன்னாலும் நான் தப்பாக நினைக்க மாட்டேன், உங்கள் விருப்பம்தான் என்று சொல்லிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

இந்த நோய் வந்ததிலிருந்து ஒருவர் என்னிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு என் பதிலுக்காகச் சும்மா இருந்தது இதுதான் முதல் தடவை. வேண்டுமென்றே நேரம் எடுத்துக்கொண்டேன். வெளியே ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று தெரியும். காத்திருக்கட்டும், நானும்தானே காத்திருந்தேன்.

ஐந்து நாள் என்றால் ஆவணி ஏழு அதற்குள் வந்துவிடும். பேட்டைக் கல்யாணத்தன்று நான் இங்கே கையைத் தூக்கிக்கொண்டு படுத்திருப்பேன். சொர்ணம் தனியாகத்தான் சமையலை இறக்க வேண்டும். சொதிக்குத் தேங்காய்ப்பால் ஊற்றுகிற பதம் அவளுக்குக் கொஞ்சம் தப்பும். அதை நினைத்தேன். பிறகு பிளந்து தைத்த அந்த இடத்தை நினைத்தேன். அங்கே மறுபடியும் என் விரலில் ஒரு கல் தட்டுப்படுவதை நினைத்தேன். எத்தனை சொதி கெட்டாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

"வைங்க டாக்டர்" என்றேன். "மறுபடி அதத் தொட்டுப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல."

அவர் எழுதிக்கொண்டார். வெளியே வந்து சொர்ணத்துக்குப் போன் செய்தேன், கல்யாணம் உன்னுதுதான், நான் வரவில்லை என்று. அக்கா என்னை வைத்துப் பந்து விளையாடுகிறாள் என்று நினைத்திருப்பாள். ஆனால் ஏன் என்று இந்தத் தடவை முழுவதையும் சொன்னேன்.

இசக்கிராஜ் பைக்கை எடுத்துக்கொண்டு வந்தான். ஐந்து நாள் கூடினதில் அவன் முகம் தெளிந்துபோயிருந்தது. "நானும் அதத்தாம்மா நெனச்சேன். கூட வைக்கதுதான் நல்லது" என்றான்.

"ஒன்ன யாருல கேட்டா?" என்றேன்.